தரம் பத்தில் ஒரு தெரிவு

கொழும்புத் தமிழர் கல்வி: வரலாற்றுத் தொடர் – 23

ஒன்பதாம் தரம் முடிகிற காலத்தில் பிள்ளை ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வருகிறாள். சாதாரண தரத்துக்கு எந்தப் பாடங்களை எடுப்பது? சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிச்சம் மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் மூன்றாவது தொகுதியில் இருக்கிறது. மனைப்பொருளியலும் அதே தொகுதியில்தான். சுகாதாரமும் உடற்கல்வியும் அங்கேதான். ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை.

“சுகாதாரத்தை எடு, லேசா ஏ வரும்” என்பாள் அக்கா. “பொம்பிளைப் பிள்ளைக்கு மனைப்பொருளியல் உதவும்” என்பார் அம்மம்மா. கொம்பியூட்டரைப் பிறகு வெளியில் ஒரு கோர்ஸ் செய்து படிக்கலாம் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். பதினான்கு வயதில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னான ஒரு பேச்சில், ஒரு பாதை மூடப்படுகிறது. மூடப்பட்டது என்று யாருக்கும் தெரிவதுமில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் கணினியை நோக்கி நடந்த வரலாற்றை எழுதப் புகுந்தால் இந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். விசைப்பலகை அவர்கள் கைக்கு மிக முன்னரே வந்துவிட்டது. நிரல் வரத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

விசைப்பலகையின் கதை கணினிக்கு வெகுகாலம் முந்தியது. சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன இரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்துக் கொடுத்தவர். அவர் வகுத்த விசை ஒழுங்கோடு ஜேர்மனியில் பொறிகள் செய்யப்பட்டன. கொழும்பில் ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் அதற்கு முன்பே பிழைப்புக்கு வழியாகியிருந்தன. வெள்ளவத்தை காலி வீதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இயங்கிவரும் பொலிற்றெக்னிக் நிறுவனத்தின் பெயர் மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்குப் பழக்கமானது. சாதாரண தரம் முடித்த பெண்ணை மாலையில் தட்டச்சு வகுப்புக்கு அனுப்புவது கோட்டையில் ஒரு கம்பனி வேலைக்கு முதற்படியாகக் கருதப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து அரசாங்க எழுதுவினைஞர் வேலை தமிழருக்கு எட்டாமற் போனபோது தனியார் கம்பனிகளின் தட்டச்சு மேசை இன்னும் பெறுமதியானதாயிற்று.

அந்த மேசையில் இருந்தவள் இன்னொருவர் சொன்னதை எழுதினாள். எதை எழுதுவது என்று தீர்மானிக்கும் வேலை அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கணினி வந்தபோதும் இதுவே திரும்ப வரும்.

விதிவிலக்கு இல்லாமலும் இல்லை. 1942இல் பிறந்த பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை 1960களின் முற்பகுதியில், பொறியியல் பீடம் இன்னும் பேராதனைக்குப் போகாமல் கொழும்பிலேயே இருந்த காலத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படித்தார். இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் அவர்தான். பிறகு ஒக்ஸ்போர்ட் போய் மேற்படிப்பு முடித்து, நாடு திரும்பிக் கட்டடத் திணைக்களத்தில் பணியாற்றினார். கவிஞரும் பொறியியற் பேராசிரியருமான சி. சிவசேகரம் அவருடைய கணவர். 2019 மகளிர் தினத்தையொட்டி இலங்கைப் பாராளுமன்றம் பன்னிரண்டு பெண்களைத் தெரிந்து கௌரவித்தபோது பிரேமளா சிவசேகரத்தின் பெயரும் அதில் இருந்தது. அவருடைய தந்தையும் ஒரு பொறியியலாளர். வீட்டில் அந்தத் தொழிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் கடைச் சிப்பந்தியின் மகளுக்கும், துறைமுகத் தொழிலாளியின் மகளுக்கும் அப்படிப் பார்க்க யார் இருந்தார்கள் என்ற கேள்விதான் இந்த அத்தியாயம் முழுவதும் தொடர்கிறது.

இலங்கைக்கு முதற் கணினி வந்தது 1967இல். பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க தலைமை தாங்கிய அரச பொறியியற் கூட்டுத்தாபனம் பிரித்தானியத் தயாரிப்பான 1900 வரிசை இயந்திரம் ஒன்றை நிறுவியது. கட்டடக் கணக்குகள் போட வந்த அந்தப் பெரும்பொறியைப் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர்களும் பயன்படுத்தினார்கள். அவர்களில் வி. கே. சமரநாயக்க முதன்மையானவர். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட இல்லை. இலண்டனில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியிருந்த அந்த இளம் விரிவுரையாளரே பின்னாளில் இலங்கைக் கணினிக் கல்வியின் தந்தை என்று அழைக்கப்பட்டார்.

உலகின் மறுபக்கத்தில் அதற்கு முன்பே நடந்திருந்ததை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. 1946இல் பிலடெல்பியாவில் பகிரங்கமாகக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு இளம் பெண்கள்: கத்லீன் மக்நல்ற்றி, ஜீன் ஜெனிங்ஸ், பெற்றி ஸ்னைடர், மார்லின் வெஸ்கொவ், பிரான்சிஸ் பிலாஸ், றூத் லிச்ரர்மன். விழா மேடையில் அவர்கள் பெயர் சொல்லப்படவில்லை. 1952இல் கிறேஸ் ஹொப்பர், மனிதர் எழுதும் குறிகளை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் தொகுப்பியின் முன்னோடியை எழுதினார். 1962இல் இங்கிலாந்தில் ஸ்ரெபனி ஷேர்லி தன் வீட்டு மேசையில் ஒரு மென்பொருள் கம்பனி தொடங்கினார். ஹிட்லரிடமிருந்து தப்புவிக்கப்பட்டு ஐந்து வயதில் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட அகதிப் பிள்ளை அவர். பிள்ளை பெற்றதும் வேலையை விட்ட பெண் நிரலாளர்களைத் தேடிப் பிடித்து வீட்டிலிருந்தபடியே வேலை கொடுத்தார். தாளில் நிரலை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அவர்கள் எழுதியதுதான். தன் சொந்தப் பெயரில் போட்ட வியாபாரக் கடிதங்களுக்குப் பதில் வராதபடியால் “ஸ்ரீவ்” என்று ஆண்பெயரில் கையெழுத்திட்டார் ஷேர்லி.

வீட்டிலிருந்து பெண்கள் நிரல் எழுதிப் பிழைக்கலாம் என்பது அறுபது வருடங்களுக்கு முன்பே செய்து காட்டப்பட்ட காரியம். கொழும்பில் ஒரு தாயிடம் இதைச் சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளின் தீர்மானம் மாறியிருக்கும்!

1983 வந்தது. அந்த ஆண்டில்தான் இலங்கையின் முதலாவது தேசியக் கணினிக் கொள்கை வரையப்பட்டது. அதன் வழியாக அடுத்த ஆண்டில் கணினித் தொழில்நுட்பத்துக்கான தேசிய சபை பிறந்தது. சமரநாயக்க நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கினார். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கணினி யுகத்துக்குள் நாடு கால்வைத்த அந்த வருடத்தில் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பாடசாலைக் கட்டடங்களில் அகதிகளாகப் படுத்திருந்தார்கள். பலர் கப்பலேறி வடக்கே போனார்கள். வசதி உள்ளவர்கள் இலண்டன், ரொறன்ரோ என்று போனார்கள். கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்த ஆசிரியர்களில் பலரும் அந்த அலையோடு போய்விட்டார்கள். அந்த இழப்பைத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் நெடுநாள் அனுபவித்தன.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தை மறுபடி நிறைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் தொடர்மாடிகளிலும் லொட்ஜ்களிலும் குடியேறின. காலி வீதியில் பத்துக் கடைக்கு ஒரு கொமினிகேசன். வெளிநாட்டிலிருந்து அண்ணன் எடுக்கும் அழைப்புக்காக அங்கே காத்திருந்த தங்கைமார், அதே கட்டடத்தின் மேல்மாடியில் புதிதாகத் தொங்கிய “கொம்பியூட்டர் வகுப்புகள்” பலகையையும் பார்த்தார்கள். 1990இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.ரி. என்ற தனியார் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இங்கேயே படிப்பிக்கும் நிலையமாக வளர்ந்து வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலேயே அமைந்தது. இராமகிருஷ்ண மிஷன் இருக்கும் அதே வீதி. ஆனால் அதன் கட்டணம் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. பெரும்பாலான பிள்ளைகள் போனது சின்னச் சின்ன வகுப்புகளுக்குத்தான்.

போர்க்காலக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் உலகத்தை அடையாள அட்டையும் சோதனைச்சாவடியும் அளந்தன. இருட்ட முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படியான நகரத்தில், நடந்துபோகும் தூரத்தில், குளிரூட்டிய அறைக்குள், பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கணினி வகுப்பு தாய்தகப்பனுக்கு நிம்மதியாகப் பட்டது. பொறியியல் என்றால் வெயிலில் நிற்க வேண்டும், வெளியூர் போக வேண்டும். கணினி அப்படியில்லை.

இந்தக் கணிப்பு கொழும்புக்கு மட்டும் உரியதல்ல. மலேசியாவில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் என்பதைக் கண்டு வியந்த நோர்வே ஆய்வாளர் விவியன் லாகெசன், மலாயாப் பல்கலைக்கழக மாணவிகளையும் ஆசிரியர்களையும் செவ்வி கண்டு 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்கள் சொன்ன காரணம் நமக்கு நன்கு பழகியது: அலுவலக அறைக்குள் செய்யும் பாதுகாப்பான வேலை, பெண்ணுக்குப் பொருத்தமானது. அமெரிக்காவிலோ நேர்மாறு. 1980களின் நடுப்பகுதியில் அங்கே கணினி விஞ்ஞானப் பட்டதாரிகளில் 37 வீதமளவில் பெண்கள் இருந்தார்கள். வீட்டுக் கணினிகள் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விற்கப்பட்ட காலத்தில் வளர்ந்த தலைமுறை பல்கலைக்கழகம் வந்தபின் அது 20 வீதத்துக்கும் கீழே விழுந்தது. பெண்ணின் மூளைக்கும் நிரலுக்கும் ஆகாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக, வெள்ளவத்தையில் வாசல் திறந்திருந்தது. உள்ளே கிடைத்தது என்ன? பெரும்பாலான சின்ன வகுப்புகள் கற்பித்தவை கடிதம் அமைப்பதும், அட்டவணை போடுவதும், பக்கம் வடிவமைப்பதும்தான். பாமினி எழுத்துருவில் வேகமாகத் தட்டத் தெரிந்த பெண்ணுக்குக் கொட்டாஞ்சேனை அச்சகத்திலோ கல்யாண அழைப்பிதழ்க் கடையிலோ உடனே வேலை கிடைத்தது. கிராண்ட்பாஸில் வீரகேசரியும், 1997இல் தொடங்கிய தினக்குரலும் பக்கங்களைக் கணினியில் கோத்த காலம் அது. அந்தப் பெண்களின் உழைப்பு இல்லாமல் போர்க்காலத்துத் தமிழ் அச்சு இல்லை. ஆனால் பழைய தட்டச்சு மேசையின் விதி இங்கும் தொடர்ந்தது: இன்னொருவர் எழுதியதை அடித்துக் கொடுக்கும் வேலை. ஒரு செய்நிரலை எழுதி இயந்திரத்தை ஏவும் வேலைக்கு அந்தச் சான்றிதழ்கள் வழிவிடவில்லை. “பிள்ளை கொம்பியூட்டர் படிச்சிருக்கிறா” என்று பெருமையோடு சொன்ன பெற்றோருக்கு இந்த வித்தியாசத்தை விளக்கியிருக்க வேண்டியவர்கள் அதை விளக்கவில்லை. அது ஒரு பெரிய அநியாயம்.

பல்கலைக்கழகக் கதவு இன்னொரு விதத்தில் இறுக்கமானது. இலங்கையில் கலைத்துறை தவிர்ந்த துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு மாவட்டத்தில் போட்டி மிகக் கடுமை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2002இல் ரீட் அவென்யூவில் உருவானபோது, அதற்குள் நுழையக் கொட்டாஞ்சேனைப் பிள்ளை நாட்டின் மிக வசதியான பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான் தூரம். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளியில் அந்தத் தூரம் கடக்க முடியாததாய் இருந்தது.

இங்கேதான் சமரநாயக்கவின் மிகப் பெரிய கொடை வருகிறது. 2000ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழகம் பி.ஐ.ரி. என்ற வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை ஆரம்பித்தது. மாவட்டக் கோட்டா இல்லை. வகுப்புக்கு வந்தேயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கேயாவது படித்து, பல்கலைக்கழகம் வைக்கும் பரீட்சையில் சித்தியடைந்தால் பட்டம். காலி வீதி வகுப்புகளில் சில இதனால் தரமுயர்ந்தன. சொற்செயலி கற்பித்த அறைகளில் தரவுத்தளமும் நிரலாக்கமும் நுழைந்தன. பகலில் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்து, பின்னேரம் வகுப்புக்குப் போய், வார இறுதியில் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்ற பெண்கள் இன்று கொழும்பு மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறார்கள். சமரநாயக்க 2007 ஜூனில் காலமானார், லொட்ஜ்களிலிருந்து தமிழர்கள் வெளியேற்றப்பட்ட அதே மாதத்தில்.

பி.ஐ.ரி. தீர்க்காத சிக்கல் ஒன்று மிஞ்சியது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்குப் பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். பாடசாலைத் தமிழ்ப் பாடநூலில் பாய்ச்சற் கோட்டுப்படம் வரைந்து, மூன்று பாடப் புள்ளிகளின் சராசரியைக் கண்டு, அது நாற்பதுக்கு மேலா கீழா என்று சாய்சதுரப் பெட்டிக்குள் கேட்டுப் பழகியவள் அவள். சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைதன். தர்க்கம் அவளுக்கு வரும். விரிவுரை மண்டபத்தில் கையை உயர்த்த வராது. தர்க்கம் வராதவள் என்று அவளே தன்னைத் தவறாக எடைபோட்டுக்கொள்வதுதான் இதில் மிகவும் வருத்தமானது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதே போன்ற தவறான எடையைத்தான் திருத்தியது. அங்கே 1995இல் கணினி விஞ்ஞானத்துக்குள் நுழைந்தவர்களில் பெண்கள் 7 வீதம்தான். ஜேன் மார்கோலிஸ், அலன் பிஷர் இருவரும் மாணவிகளை வருடக்கணக்காகச் செவ்வி கண்டார்கள். சிறுவயதிலேயே வீட்டில் கணினியைக் கழற்றிப் பூட்டிய பையன்களைப் பார்த்து, தாங்கள் இதற்கு லாயக்கில்லை என்று நல்ல புள்ளி பெற்ற மாணவிகளே முடிவுகட்டிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் மூளைச் சலவை எதுவும் செய்யவில்லை. முன்னனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தொடக்கப் பாடங்களைத் தனித்தனியாக வைத்தது, அனுமதியில் முன்னனுபவத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தது, நல்ல ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புக்கு அனுப்பியது. 2000இல் புதுமுக மாணவரில் 42 வீதம் பெண்கள். ஐந்தே வருடம்.

பாடசாலைக்குள் நம் நாட்டிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு புதிதாக வந்தது. பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுப்பவர்கள் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுக்கலாம். இரசாயனத்துக்குப் பயந்து கணிதப் பிரிவையே கைவிடும் பிள்ளைக்கு இது நல்ல வழி. ஆனாலும் பல வீடுகளுக்கு இன்றுவரை இது தெரியாது. வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம், பம்பலப்பிட்டி இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, கொட்டாஞ்சேனை நல்லாயன் மகளிர் கல்லூரி போன்ற பெண்கள் பாடசாலைகளுக்கு ஒரு தனி வாய்ப்பும் உண்டு. கணினிக்கூடத்தில் முந்திக்கொண்டு மவுஸைப் பிடிக்கும் பையன் அங்கே இல்லை. கணினிக் கழகத் தலைவியும் பெண்பிள்ளையே, நிரல் எழுதுபவளும் அவளே, பிழை தேடுபவளும் அவளே.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2011 முதல் ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் நாலாவது வியாழக்கிழமையைத் தகவல் தொழில்நுட்பத்தில் சிறுமியர் தினமாகக் கொண்டாடுகிறது. கொழும்பிலும் கூட்டம் நடக்கும், படம் எடுப்பார்கள். நல்லதுதான். ஆனால் பாடத் தெரிவு நடக்கும் வாரத்தில் ஒன்பதாம் தர வகுப்பறைக்குள் ஒரு பெண் நிரலாளர் வந்து ஒரு மணித்தியாலம் பேசினால் பலன் இன்னும் அதிகம். அவர் தமிழில் பேச வேண்டும். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எப்படி, இரவு வேலையானால் வீட்டுக்கு வாகனம் வருமா என்று தாய்மார் கேட்பவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். அதே ஊர்ப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. பிரேமளாவுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்த முன்மாதிரி இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பறைக்குள்ளாவது கிடைக்கட்டும்.

அந்தப் பெண்கள் தொலைவில் இல்லை. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இயங்கும் தெமட்டகொட ஓரியன் சிற்றி, கொட்டாஞ்சேனையிலிருந்து சில கிலோமீற்றர். 2005இல் தொடங்கி உலகெங்கும் வாடிக்கையாளரைப் பெற்ற டபிள்யு.எஸ்.ஓ.2 நிறுவனம் கொள்ளுப்பிட்டியில், வெள்ளவத்தைப் பிள்ளை பஸ்ஸில் தாண்டிப் போகும் இடத்தில் இருக்கிறது. 2004 சுனாமி அடித்த சில வாரங்களுக்குள் காணாமற் போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய சஹானா மென்பொருள், பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூக நன்மை விருதையும் பெற்றது. கொழும்பில் எழுதிய நிரல் எங்கோ ஒரு தாய்க்குப் பிள்ளையைத் தேடிக்கொடுக்க உதவும் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அதைவிடப் பெரிய ஊக்கம் வேண்டியதில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோரில் பத்தில் ஆறுக்கு மேல் பெண்கள். பொறியியல் பீடங்களில் அது நாலில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். படித்த பெண், கல்யாணத்தோடும் முதற்பிள்ளையோடும் வேலையிலிருந்து நழுவிப்போகும் நாடு இது. ஷேர்லி 1962இல் தபாலில் செய்ததை இன்று இணையத்தில் செய்யலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் நகரத்தை முடக்கிய மாதங்களிலும், மடிக்கணினியோடு வீட்டிலிருந்து வேலை செய்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்தார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் காட்டும் தகைமையாக மட்டும் கணினிப் பட்டத்தைப் பார்த்த வீடுகள் அந்த வருடத்தில் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டன.

மொழிச் சிக்கல் மட்டும் இன்னும் அவிழவில்லை. அது பாடநூலோடு முடிகிற விடயமும் அல்ல. பாமினியிலிருந்து யூனிகோடுக்குத் தமிழ் வந்து சேர்ந்த வழியும், அதில் இலங்கைத் தமிழர் ஆற்றிய பங்கும் அடுத்த இதழில்.

(தொடரும்)